ஐந்நூறு அடியில் ஒரு சந்தோஷம்

தரையைத் தொடுவதற்கு அரை நிமிடம் முன்னால் எனக்கு ஒரு சந்தோஷம் வரும். உயரம் ஐந்நூறு அடி என்று முள் காட்டும்போது ஆரம்பித்து நாலு விநாடி நிற்கும். காரணம் எதுவும் கிடையாது. வாய் தானாக விரியும், நெஞ்சு லேசாகும், உலகத்தில் எல்லா வேலையும் முடிந்துவிட்டது போலிருக்கும். ஒரு தடவை பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்த வாழைக்காய் வியாபாரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, கீழ யாரு காத்துக்கிட்டிருக்காவ?" என்று கேட்டார். யாருமில்லை என்றால் நம்பவா போகிறார்?

அந்தச் சந்தோஷம்தான் என்னைக் கொல்லப் பார்த்தது.

நான் தெபோராள். கயத்தாற்றுக்குக் கிழக்கே, காற்றாலைகளுக்கு நடுவில் கரிசல் காட்டில் கிடக்கும் ஓடுதளத்திலிருந்து 'சிட்டு' என்கிற ஆறு இருக்கை விமானத்தை ஓட்டுகிறவள். ஆனி மாதம், காற்றுக் காலம். தொண்டியிலிருந்து நாலு பயணிகளோடு திரும்பி, இறங்குவதற்காகத் தளத்தை நோக்கி வந்துகொண்டிருந்தேன். ரேடியோ அறையில் முப்பிடாதி. அவளுக்குத் தொலைநோக்கி இல்லாமலே ரெண்டு மைல் தெரியும்.

"தெபோராக்கா, சக்கரம்?" என்றாள்.

"போட்டாச்சு."

"எங்க போட்டிய? எனக்கு வெறும் வயிறுதான் தெரியுது."

"முப்பிடாதி, சக்கர லீவரை இறக்குனேன், மூணு பச்சை விளக்கும் பாத்தேன். உன் கண்ணைத் துடை."

பொய் சொல்லவில்லை. லீவரின் குளிர்ச்சி என் விரலில் இருந்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளும் 'டக்' சத்தம் காதில் இருந்தது. வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்லியிருப்பேன். சந்தோஷம் வேறு வந்து தொலைத்திருந்தது, சிரித்துக்கொண்டே லீவரைப் பார்த்தேன். அது மேலேயே இருந்தது. சக்கரத்துக்கு ஒன்றாக உள்ள மூன்று பச்சை விளக்கில் ஒன்றுகூட எரியவில்லை. எச்சரிக்கைச் சங்கு எத்தனை நேரமாகக் கதறிக்கொண்டிருந்ததோ, அப்போதுதான் எனக்குக் கேட்டது.

மேலே தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, சக்கரத்தை இறக்கித் தரையைத் தொட்டேன். இறங்கும்போது ஒரு பயணி ஏன் ரெண்டு சுற்று என்று கேட்டார். ஊரைச் சுற்றிக் காட்டினேன் என்றேன். அவர் நன்றி சொன்னார்.

இது எப்படி நடந்தது என்று புரிய வேண்டுமானால் நடவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நான் கோவில்பட்டியில் மினிபஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நினைவு நடவு வந்தது. ஒரு தேர்ந்த கைக்காரரின் ஞாபகங்களை எடுத்து இன்னொருவர் தலையில் நடுவது. கத்தி கிடையாது, வலி கிடையாது, பன்னிரண்டு நாள் ஒரு தொப்பியைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தால் போதும். சிட்டு கம்பெனிக்கு அவசரமாகப் பைலட்டுகள் வேண்டியிருந்தது. நாற்பது வருஷம் சின்ன விமானம் ஓட்டி ஓய்வுபெற்ற கேப்டன் ஆவுடையப்பன் விதை கொடுத்தார். பதினோராயிரத்துச் சொச்சம் தரையிறக்கம், ஒன்றில்கூடச் சிராய்ப்பில்லை. அவருடைய ஞாபகத்தை எங்கள் பதினெட்டுப் பேர் தலையில் நட்டார்கள். ஆய்வகத்தில் எங்களுக்குப் பெயரே 'நாத்து'தான்.

வேலை பிரமாதமாகப் பிடித்துக்கொண்டது. கூடவே சில களைகளும் வந்தன. பேச வாய் திறக்கும் முன் கேப்டன் தொண்டையைச் செருமுவார் போலிருக்கிறது, பதினெட்டுப் பேரும் செருமினோம். கூட்டம் போட்டால் முதல் ஐந்து நிமிடம் அதுவே நடக்கும். விமானத்திலிருந்து இறங்கினால் எல்லோருக்கும் இடது முட்டி வலிக்கும். எங்களில் இளையவனுக்கு இருபத்திரண்டு வயது.

சம்பவத்துக்கு மறுநாள் மேலாளர் குருபாதம் என்னைக் கூப்பிட்டார். ஆய்வகத்து ஷாகுல் அமீது ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தான். மேலப்பாளையத்துக்காரன், கெட்டிக்காரன், கெட்ட செய்தியைக்கூட இனிமையாகச் சொல்லத் தெரிந்தவன்.

"ஏழாவது ஆளும்மா நீ," என்றார் குருபாதம். "போன மாசத்துல இருந்து ஏழு பேரு சக்கரத்தை மறந்தாச்சு. நல்லவேளை, ஏழு தடவையும் முப்பிடாதி பாத்துட்டா. எட்டாவது தடவை அவ சாப்பிடப் போயிருந்தா?"

"நான் தயாரிச்ச மந்திரத்தைச் சொல்லலையா?" என்றும் கேட்டார். அவர் ஒரு நினைவுச் சூத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். எரிபொருள், சக்கரம், மடல், வார், தளம் என்ற ஐந்து வேலைகளின் முதலெழுத்தைச் சேர்த்து 'எசமவாத'. மடல் என்றால் இறக்கையின் பின்னால் கீழே மடங்கும் தகடு, வார் என்றால் இருக்கைப் பட்டை. கேட்பதற்கு ஏதோ மூட்டுநோயின் பெயர் போலிருந்தாலும் நாங்கள் பயபக்தியோடு மனப்பாடம் செய்திருந்தோம்.

"சொன்னதாத்தான் சார் ஞாபகம்," என்றேன். "அதான் பிரச்சினை."

ஷாகுல் என் பக்கம் திரும்பினான். "அக்கா, மினிபஸ்ல ஹேண்ட் பிரேக் போட்டோமான்னு சந்தேகம் வந்து திரும்பிப் போயிப் பாத்திருக்கியளா?"

"தினம்."

"ஏன்னா நேத்து போட்ட ஞாபகமும் இன்னைக்குப் போட்ட ஞாபகமும் ஒண்ணுபோல இருக்கும். எல்லாருக்கும் உள்ளதுதான். ஆனா உங்களுக்கு உங்க நேத்து மட்டும் இல்ல, கேப்டனோட பதினோராயிரம் நேத்தும் இருக்கு. ரெண்டு வருசத்துல நடவு நல்லா வேர் விட்டாச்சு, இப்ப சக்கரம்னு நினைச்ச உடனே அதுல ஒண்ணு முந்தி ஓடி வந்து, போட்டாச்சுன்னு சொல்லிருது."

"செக்லிஸ்ட்டை வாய்விட்டுப் படிச்சா?"

"அவரும் வாய்விட்டுத்தான் படிச்சாரு. படிச்ச ஞாபகமும் சேந்து வந்திரும்."

"சங்கு?"

"அவரு மொதல்ல ஓட்டின விமானத்துல சங்கு சும்மாவே கத்துமாம். காதுல வாங்காம இருக்கப் பழகிட்டாரு. அந்தப் பழக்கமும் உங்களுக்கு வந்தாச்சு."

"அப்ப அவரு மட்டும் எப்படி ஒரு தடவைகூட மறக்கல?"

ஷாகுல் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "ஒவ்வொரு தரையிறக்கத்துலயும் ஐந்நூறு அடியில நாலு விநாடி வெட்டியிருக்குக்கா. வெட்டச் சொன்னது கேப்டன்தான். சொந்த விசயம்னு கையெழுத்துப் போட்டுக் கேட்டாரு. என்னன்னு நாங்களும் பாக்கல, பாக்கக் கூடாது. அந்த நாலு விநாடியிலதான் ரகசியம் இருக்குன்னு நினைக்கேன். நினைப்பை வெட்டிட்டோம். ஆனா அப்ப அவருக்கு இருந்த உணர்ச்சி வேற எடத்துல பதிஞ்சிருக்கும், அது தப்பிச்சு உங்ககிட்ட வந்திட்டு."

என் காரணமில்லாத சந்தோஷத்துக்குக் காரணம் அதுதான். இன்னொருவருடையது. ஒரு மாதிரி ஆகிவிட்டது எனக்கு. அடுத்த வீட்டு விருந்தில் தெரியாமல் உட்கார்ந்து ரெண்டு வருஷமாகச் சாப்பிட்டிருக்கிறேன்.

குருபாதம் மேஜையைத் தட்டினார். "மாசக் கடைசியில பதினெட்டுப் பேருக்கும் நடவைப் பிடுங்கிருவோம். வேற வழியில்ல."

"பிடுங்கினா என்ன போகும்?"

"நாத்தை மட்டும் பிடுங்க முடியாதுக்கா," என்றான் ஷாகுல், தரையைப் பார்த்துக்கொண்டு. "வேரோட மண்ணும் வரும். ரெண்டு வருசத்துல நீங்க பறந்தது எல்லாம் போயிரும்."

"நான் பறந்ததே எனக்கு ஞாபகம் இருக்காதா?"

"போட்டோ பாத்தாத் தெரியும்."

போன வருஷம் ஒரு மத்தியானம் அம்மாவை ஏற்றிக்கொண்டு திருச்செந்தூர்ப் பக்கம் பறந்தேன். மெஞ்ஞானபுரம் சர்ச் கோபுரத்தை மேலிருந்து பார்த்துவிட்டு, "இவ்வளவுதானாட்டி அது?" என்று அம்மா கேட்டாள். அவளுக்குக் கல்யாணம் நடந்த கோயில். ஊசி போலத் தெரிந்தது. அப்புறம் மூன்று மாதத்தில் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். போட்டோ எதுவும் எடுக்கவில்லை. அந்த மத்தியானம் என் தலையில் மட்டும்தான் இருக்கிறது.

மற்ற ஆறு பேரும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு போனார்களாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை, மினிபஸ் ஓட்டியவள்.

"ஒரு சந்தர்ப்பம் கொடுங்க சார்," என்றேன். "நான் ஒரு வழி கண்டுபிடிக்கேன். பத்து தடவை இறங்கிக் காட்டுதேன். கேப்டனையே பக்கத்துல உக்கார வச்சுப் பாருங்க. ஒண்ணு தப்புனாலும் பிடுங்கிக்கோங்க."

குருபாதத்துக்கும் பைலட்டுகளை இழக்க மனசில்லை. வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்தார்.

திங்கட்கிழமை பாளையங்கோட்டையில் கேப்டன் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் தொண்டையைச் செருமினார். நானும் செருமினேன். ரெண்டு பேருக்கும் சங்கடமாகப் போய்விட்டது.

"சார், ஐந்நூறு அடியில நீங்க என்ன செய்வீங்க?"

"செக்லிஸ்ட் பாப்பேன்."

"அப்புறம்?"

"இறங்குவேன்." செய்தித்தாளை விரித்து முகத்தை மூடிக்கொண்டார். காது நுனி மட்டும் சிவந்திருந்தது. அறுபத்தெட்டு வயது மனிதருக்கு வெட்கம் வந்தால் அதற்கு மேல் எப்படிக் கேட்பது?

மொட்டைமாடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "யாரு வந்திருக்கா? ஒரு கை பிடிச்சா நல்லாருக்கும்."

கேப்டன் அசையவில்லை. நான் மாடிக்குப் போனேன். அவர் மனைவி கோமதியம்மாள் ஒரு பெட்ஷீட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். காற்று அதைப் பிடுங்க, அவர் விடாமல் இழுக்க. நான் மறுமுனையைப் பிடித்தேன், அவர் கிளிப்பைப் போட்டார்.

"நீயும் அவரு நாத்தா?"

"ஆமாம்மா."

"அதான் படியேறும்போதே செருமுற சத்தம் கேட்டுச்சு. அவருதான் உதவிக்கு வாராரோன்னு ஒரு நிமிசம் அசந்துட்டேன்."

"அம்மா, அவரு விமானம் இறக்கும்போது என்ன நினைப்பாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"என்கிட்டயா கேக்க? குழம்புல உப்பு சரியா இருக்கான்னுகூட இதுவரைக்கும் சொன்னதில்ல. நாப்பத்திரெண்டு வருசத்துல அந்த விமானத்துல என்னை ஏத்தினதில்ல. இந்தா, இந்தக் கிளிப்பு. ஒரு நாளாவது கையில தொட்டிருப்பாரா? கொடி எந்தப் பக்கம் கட்டியிருக்குன்னு கேட்டுப் பாரு, முழிப்பாரு."

அவர் புலம்பிக்கொண்டே அடுத்த துணியை எடுத்தார். நான் கையிலிருந்த கிளிப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீல நிற பிளாஸ்டிக், சற்றே வெளிறியது. கேப்டன் தொட்டதே இல்லை. அப்படியானால் என் தலையில் இருக்கும் பதினோராயிரம் நேற்றுகளில் ஒன்றில்கூடக் கிளிப்பு கிடையாது. நான் ஒரு கிளிப்பை மாட்டினால் அது நானே, இன்றைக்கே மாட்டியதாகத்தான் இருக்க முடியும். போட்டாச்சு என்று எந்த ஞாபகமும் ஓடி வந்து பொய் சொல்ல முடியாது.

கேப்டன் நாலு விநாடியை வெட்டச் சொன்ன கதையையும் இந்த யோசனையையும் கோமதியம்மாளிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேற்கிலிருந்து சாரல் வந்துவிட்டது. ரெண்டு பேரும் துணிகளை அள்ளிக்கொண்டு ஓடினோம். நான் துணியை மட்டும் உருவிக்கொண்டு வந்திருந்தேன். கோமதியம்மாள் மழையிலேயே என்னைத் திருப்பி அனுப்பினார்.

"ஏட்டி, கிளிப்பைக் கொடியில விட்டுட்டு வாரியே. துணிய அள்ளினா கிளிப்பும் கூடைக்கு வந்திரணும். இல்லன்னா எது காய்ஞ்சுது, எது காயலன்னு எப்படித் தெரியும்? மறுபடியும் மொதல்லேருந்துதான் போடணும்."

நனைந்துகொண்டே எல்லாவற்றையும் பொறுக்கி வந்தேன். தும்மல் வந்தது. அதை ரெண்டு பேரும் சிரித்துத் தீர்த்தோம். புறப்படும்போது ஐந்து கிளிப்புகளைக் கையில் வைத்தார்.

"வெள்ளிக்கிழமை நானும் வருவேன்," என்றார். "என் கிளிப்பு போற விமானத்துல எனக்கு எடம் இல்லையோ?"

வெள்ளிக்கிழமை காலையில் காற்றாலைகள் அத்தனையும் விடாமல் சுற்றிக்கொண்டிருந்தன. கேப்டன் வந்து வலது பக்க இருக்கையில் அமர்ந்தார். முன்பலகையின் மேல் விளிம்பில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நான் கட்டியிருந்த நைலான் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"இது என்ன?"

"கொடி சார்."

"விமானத்துலயா?"

"நீங்க வாழ்க்கையில செய்யாத ஒரு வேலை வேணும்னு தேடினேன் சார். நிறைய இருக்குன்னு அம்மா சொன்னாங்க."

பின் இருக்கையில் ஷாகுலோடு உட்கார்ந்திருந்த கோமதியம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. இஞ்சின் சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது என்பதால் நாலு பேருக்கும் காதில் மைக் வைத்த ஹெட்போன் மாட்டியிருந்தது. யார் முணுமுணுத்தாலும் எல்லோருக்கும் கேட்கும்.

முறை சுலபம். ஐந்து கிளிப்பும் என் சட்டைப் பையின் விளிம்பில் இருக்கும். எரிபொருளைப் பார்த்தால் ஒரு கிளிப்பு கொடிக்குப் போகும். சக்கரம் இறங்கி மூன்று பச்சை எரிந்தால் இன்னொன்று. மடலுக்கும் வாருக்கும் ஒவ்வொன்று, தளம் காலியாக இருந்தால் கடைசியாக ஒன்று. கொடியில் ஐந்து தொங்கினால்தான் இறங்க வேண்டும்.

முதல் தடவை ஐந்நூறு அடியில் சந்தோஷம் வந்தது. கொடியைப் பார்த்தேன். ஐந்து. இறங்கினேன். அப்படியே ஒன்பது தடவை. கேப்டன் தாளில் ஒவ்வொரு கோடாகப் போட்டுக்கொண்டே வந்தார். கோமதியம்மாள் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும், அந்தக் குளம் எது, அந்தத் தேர் மாதிரி தெரியிறது என்ன என்று ஷாகுலைத் துளைத்துக்கொண்டிருந்தார். விமானத்தில் சந்தோஷமான ஆள் அன்று நான் இல்லை.

பத்தாவது. ஐந்து கிளிப்பும் கொடியில். முந்நூறு அடிக்கு வந்துவிட்டேன்.

"அக்கா, ஆடு," என்றது முப்பிடாதியின் குரல். "வேலியில ஒரு எடம் பிஞ்சிருக்கு. முப்பது நாப்பது இருக்கும்."

தளத்தின் நடுவில் ஆடுகள் நின்றன. விசையைக் கூட்டி மேலே தூக்கினேன். மேலேறும்போது சக்கரம் காற்றைப் பிடிக்கும் என்பதால் அதை மடக்கினேன். மடலை ஏற்றினேன். முப்பிடாதி ஆடுகளைத் துரத்திக்கொண்டே ரேடியோவிலும் பேசினாள். அவை கிழக்கே போகின்றன, இல்லை, திரும்பி வருகின்றன, காற்று வேறு பக்கவாட்டில் திரும்பிவிட்டது. அதற்கு நடுவில் என் கை தன்பாட்டுக்கு ஒரு காரியம் செய்தது. கொடியிலிருந்த ஐந்து கிளிப்பையும் ஒரே இழுப்பில் உருவிச் சட்டைப் பையில் மாட்டியது. துணிய அள்ளினா கிளிப்பும் கூடைக்கு. அந்தக் கை கேப்டனுடையது அல்ல. திங்கட்கிழமை மழையில் நனைந்து திட்டு வாங்கிய கை அது.

"போயிட்டுக்கா, எல்லாம் போயிட்டு, இறங்குங்க."

காற்றோடு போராடியதில் தாமதமாகத் திரும்பினேன், தளம் சட்டென்று முன்னால் வந்துவிட்டது. ஐந்நூறு அடி. சந்தோஷம் வந்தது. சக்கரம் போட்டாச்சு என்றது மனசு. கொஞ்சம் முன்புதானே போட்டாய், மூன்று பச்சையும் பார்த்தாயே, 'டக்' சத்தம் கேட்டதே. அத்தனையும் அவ்வளவு தெளிவாக இருந்தது. ஓரக்கண்ணில் கேப்டனின் கை லீவரை நோக்கி நகர்வது தெரிந்தது.

கொடியைப் பார்த்தேன். காலியாக இருந்தது.

"இன்னும் போடல," என்றேன் சத்தமாக, யாருக்கோ. லீவரை இறக்கினேன். 'டக்'. ஒன்று, ரெண்டு, மூன்று பச்சை. ஒரு கிளிப்பு. கேப்டன் கையை மடியில் வைத்துக்கொண்டார். எரிபொருள், மடல், வார், தளம். ஐந்து.

அப்போது என் காதில், மெதுவாக, பழக்கதோஷத்தில் நழுவி விழுந்த குரலில் கேப்டன் சொன்னார்.

"மறக்கல, கோமதி."

நாலு விநாடி இருக்கும். எனக்குள் ரெண்டு வருஷமாக வாய் பேசாமல் இருந்த சந்தோஷம் வாய் திறந்தது. இதுதானா என்று நினைத்தேன். அதற்குள் தளம் வந்துவிட்டது, சக்கரம் பூப்போலத் தொட்டது. விமானம் ஓடி நின்று, இஞ்சினை அணைத்த பிறகு பின்னாலிருந்து கோமதியம்மாள் கேட்டார்.

"எதை மறக்கல?"

கேப்டன் செருமினார். "ஒண்ணுமில்ல."

"என் பேரைச் சொன்னிய."

இறங்கி இறக்கையின் நிழலில் நின்றோம். கேப்டன் தொப்பியைக் கழற்றி உள்ளே ஏதோ எழுதியிருப்பதுபோல உற்றுப் பார்த்தார்.

"கல்யாணமான புதுசுல நீ ஒண்ணு கேட்ட," என்றார். "இறங்கும்போது சக்கரத்தை மறந்துட்டா என்ன செய்வியன்னு."

"கேட்டேன். நீங்க விழுந்து விழுந்து சிரிச்சிய. கோவத்துல ரெண்டு நாள் பேசல நான்."

"மறுநாள் இறங்கும்போது மூணு பச்சையையும் பாத்தப்பறம் மனசுக்குள்ள உனக்குப் பதில் சொன்னேன். மறக்கல கோமதின்னு. அதுக்கப்பறம் சொல்லாம இறங்க வரல. பாக்காமலும் சொல்ல வரல. பொய்யாப் போயிருமே."

"எத்தன தடவ சொல்லியிருப்பிய?"

அவர் தொப்பியை மறுபடியும் போட்டுக்கொண்டார். நான் சொன்னேன். "பதினோராயிரத்துச் சொச்சம்மா. ஒவ்வொரு தடவையும் அவருக்கு எப்படி இருந்துச்சுன்னு என்கிட்டக் கேளுங்க. எனக்குத் தெரியும்."

கோமதியம்மாள் என் முகத்தைப் பார்த்தார். "எப்படி இருந்துச்சு?"

"வீட்டுக்கு வந்துட்ட மாதிரிம்மா."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். ஷாகுல் விமானத்தின் வாலைப் பரிசோதிப்பதுபோல அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டான்.

"வீட்டுக்கு வந்து ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாம்லா," என்றார் கோமதியம்மாள்.

"அதான் பத்திரமா இறங்கியாச்சே, எதுக்குச் சொல்லணும்னு இருந்துட்டேன்."

"அப்ப ஏன் வெட்டச் சொன்னிய?"

"பதினெட்டுப் பேரும் உன் பேரைச் சொல்லிக்கிட்டே இறங்குனா நல்லாவா இருக்கும்?"

அதற்குக் கோமதியம்மாள் சிரித்த சிரிப்பு ரேடியோ அறைக்குக் கேட்டது. முப்பிடாதி எட்டிப் பார்த்தாள், கையில் ஒரு ஆட்டுக்குட்டி.

கேப்டன் தாளில் பத்தாவது கோட்டைப் போட்டுக் கையெழுத்திட்டார். குருபாதம் ஓடி வந்து வாங்கிக்கொண்டார். பதினெட்டுப் பேருக்கும் நடவு நிலைத்தது, எனக்கு மெஞ்ஞானபுரத்து மத்தியானமும். இனிமேல் ஒவ்வொரு சிட்டுவிலும் ஒரு கொடி கட்ட வேண்டும் என்று உத்தரவும் வந்தது. அதற்குக் குருபாதம் 'ஐம்முனைக் காட்சிச் சரிபார்ப்பு முறை' என்று பெயர் வைத்தார். நாங்கள் துணி காயப்போடுவது என்றுதான் சொல்கிறோம்.

புறப்படும் நேரத்தில் ஷாகுல் தயங்கித் தயங்கி கோமதியம்மாளிடம் வந்தான்.

"அந்த நாலு விநாடி எங்ககிட்ட பத்திரமா இருக்கும்மா. கேப்டனுக்கும் உங்களுக்கும் சம்மதம்னா திரும்ப ஒட்டிரலாம். பதினெட்டுப் பேருக்கும் காரணம் தெரிஞ்சிரும்."

கேப்டன் மனைவியைப் பார்த்தார். அவர் கொடியில் தொங்கிய தன் ஐந்து கிளிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்," என்றார். "சந்தோசம் அவங்ககிட்டயே இருக்கட்டும். பேரு மட்டும் என்னோடது."

மறுநாள் காலை முதல் பயணம் முடிந்து திரும்பும் வழியில் பாளையங்கோட்டைக்கு மேலே வந்தேன். ஒரு மொட்டைமாடியில் ரெண்டு பேர் ஒரு பெட்ஷீட்டின் ரெண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் பிடித்திருந்த விதம் தப்பு என்பது அத்தனை உயரத்திலிருந்தே தெரிந்தது. இறக்கையை ஒருமுறை ஆட்டிவிட்டுக் கயத்தாற்றுக்குத் திரும்பினேன். ஐந்நூறு அடியில் வழக்கம்போலச் சந்தோஷம் வந்தது.

"இரு, ஒரு கிளிப்பு பாக்கியிருக்கு," என்று அதனிடம் சொல்லிவிட்டுச் சக்கரத்தை இறக்கினேன்.